சந்திரதால் ஏரிக்கு முதன்முறை வண்டி ஓட்டிச் செல்வோருக்கான செய்முறை விளக்கம்

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில், பிறை வடிவில் அமைந்திருக்கிறது சந்திரதால் ஏரி. மணாலியிலிருந்து ஒரே நாளில் அங்குப் போய்விடலாம் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான் என்றாலும், முதன்முறை செல்பவர் அப்படிப் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. காலையில் அங்கிருந்து கிளம்பி, அதைப்போல் இருமடங்குக்கும் மேலான உயரத்தில் அன்றிரவே படுத்தால் உடல் தாங்காது.

படி 1: வழியைத் தேர்ந்தெடுத்தல்

சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக, ஸ்பிதிப் பகுதியிலுள்ள காசா என்னும் ஊருக்குச் சென்று, ஏரியைப் பார்த்த பின் மணாலி வழியாகத் திரும்புங்கள். கல்பாவில் (சுமார் 2,950 மீட்டர்) ஓர் இரவும், தாபோவில் (சுமார் 3,280 மீட்டர்) ஓர் இரவும், காசாவில் (சுமார் 3,650 மீட்டர்) இரண்டு இரவுகளும் தங்கினால், உறங்கும் உயரம் சிறிது சிறிதாகத்தான் கூடும். 3,000 மீட்டருக்கு மேலே, முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மிகாமல் ஏறுவது நல்லது என்பது மலை மருத்துவத்தில் சொல்லப்படும் வழிகாட்டுதல். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால், அது நள்ளிரவாக இருந்தாலும் கீழே இறங்கிவிட வேண்டும்.

காசாவுக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள குன்சும் கணவாய் பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான் திறக்கும். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது செப்டம்பர். மழையும் மண்சரிவும் அப்போது குறைந்திருக்கும், ஓடைகளிலும் நீர் வற்றத் தொடங்கியிருக்கும்.

படி 2: வண்டியை ஆயத்தப்படுத்துதல்

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் நல்லது; இல்லாமலும் போகலாம். ஆனால் அடிப்பகுதி தாழ்ந்த வண்டியை எடுத்துச் செல்லாதீர்கள், தரையிலிருந்து 200 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். காற்று நிரப்பிய ஸ்டெப்னி, ஜாக்கி, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சிறிய காற்றடிக்கும் கருவி, இழுவைக் கயிறு ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். காசாவில் டேங்கை முழுவதுமாக நிரப்பிக்கொள்ளுங்கள். கற்சாலை தொடங்குமிடத்தில் டயர்க் காற்றில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல் வெளியேற்றினால், டயர் கல்லின் மேல் படிந்து செல்லும்; தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் மீண்டும் நிரப்ப வேண்டும்.

படி 3: கணவாயிலிருந்து ஏரி வரை

காசாவிலிருந்து காலையிலேயே கிளம்பி, லோசர் கிராமத்தைத் தாண்டி, சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடந்து இறங்கினால், பாதல் என்னும் இடத்துக்குச் சற்று முன்னதாக வலப்புறம் ஏரிச்சாலை பிரியும். அதன் பெரும்பகுதி ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம் கொண்டது. ஒருபுறம் உதிரும் மலைச்சரிவு, மறுபுறம் கீழே சந்திரா ஆறு. எதிரில் வண்டி வந்தால், ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவதே மலைச்சாலை முறை. ஆகவே ஒதுங்க இடமுள்ள வளைவுகளைக் கடக்கும்போதெல்லாம் மனத்தில் குறித்துக்கொண்டே செல்லுங்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காமல், முதல் கியரிலேயே வண்டியை இறங்க விடுங்கள்.

படி 4: கூடாரம்

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் 2005ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட ஈரநிலம் இது. கரையில் கூடாரம் அடிக்க அனுமதியில்லை; சில கிலோமீட்டர் முன்னதாக உள்ள முகாம் பகுதியில்தான் தங்க வேண்டும். அந்தத் தடையை நான் மனமார வரவேற்கிறேன். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடந்து சென்று பார்க்கும்போது, ஆழத்துக்கேற்ப நீலமும் பச்சையுமாக மாறும் அந்த நீரின் தெளிவு ஏன் காக்கப்பட வேண்டும் என்பது தானே விளங்கும். ஏரியில் இறங்கி நீந்த முயலாதீர்கள்.

இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே போகக்கூடும் என்பதால் கனமான உறக்கப்பை தேவை. எவ்வளவு குளிராக இருந்தாலும், மூடிய கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ எரிக்கக் கூடாது, என்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள் உறங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் உயிரைப் பறித்துவிடும்.

படி 5: திரும்பும் வழியில் ஓடைகள்

பாதலிலிருந்து சத்ரு என்னும் இடத்தின் வழியாகக் கிராம்ஃபூ வரையுள்ள சுமார் 50 கிலோமீட்டர்தான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. சாலையின் குறுக்கே பாயும் ஓடைகள் பனியாறுகள் உருகி வருபவை. விடியற்காலையில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏறப் பெருகும். ஒருமுறை மதியம் 3 மணிக்கு அப்படியோர் ஓடையின் முன் நின்றேன். காலையில் கணுக்காலளவு இருந்ததாக எதிர்க்கரைக்காரர்கள் சொன்ன நீர் அப்போது முழங்காலைத் தாண்டியிருந்தது. அதனடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் என் காலடி வரை அதிர்ந்தது. அன்றிரவு கரையிலேயே தங்கி, மறுநாள் விடிந்ததும்தான் கடந்தேன்.

ஓடையைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். முன்னால் செல்லும் வண்டி எந்தத் தடத்தில் போகிறது, அதன் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று கவனியுங்கள். நீர் கலங்கியிருந்தால் கம்பால் ஆழம் பாருங்கள். வேகமாகப் பாயும் நீருக்குள் நடந்து பார்க்க வேண்டாம். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் நீர் இருந்தால் காத்திருங்கள். சலசலத்து ஓடும் அகன்ற பகுதி பெரும்பாலும் ஆழம் குறைந்தது. அமைதியாகத் தேங்கியிருப்பதில் குழி இருக்கலாம். முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், ஒரே சீராக ஆக்சிலரேட்டரைப் பிடித்து, நிற்காமல் கடந்துவிட வேண்டும். நடுவில் கிளட்சை அழுத்தினால் வண்டி வேகமிழந்து கற்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். அக்கரை ஏறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெதுவாக அழுத்தி ஈரத்தை உலர்த்துங்கள்.

முகாமிலிருந்து விடிந்தவுடன் கிளம்பிவிட்டால், வெயில் பனியை உருக்கி ஓடைகளை நிரப்புவதற்குள் சத்ருவைத் தாண்டலாம். அதன் பிறகு கிராம்ஃபூ, கோக்சர் வழியாகச் சென்றால், 2020இல் திறக்கப்பட்ட, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை உங்களை மணாலிப் பக்கம் கொண்டு சேர்க்கும்.