தொட்டியில் வாடும் அரௌக்காரியா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பரில் நர்சரிகளில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று விற்கப்படும் அரௌக்காரியாவின் தாயகம், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் உள்ள நார்போக் தீவு. ஈரமான கடற்காற்றிலும் தாராளமான வெளிச்சத்திலும் ஓங்கி வளரும் அம்மரத்தை வீட்டுக்குள் வைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது, ஒருமுறை காய்ந்து உதிர்ந்த கிளை அதே இடத்தில் மீண்டும் துளிர்ப்பதில்லை என்பதே. ஆகவே பழுப்பு நிறம் தென்பட்டதுமே காரணத்தைத் தேட வேண்டும்.

கிளை தொங்கியவுடன் தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. வேர் அழுகினாலும் கிளை தொங்கும், மண் வறண்டாலும் தொங்கும் என்பதால், கிளையைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது. இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டுப் பாருங்கள். மண் சொதசொதவென்று இருந்து, புளித்த வாடையும் வந்தால், செடியை மெதுவாக வெளியே எடுத்து வேரைச் சோதிக்க வேண்டும். வெளிர் நிறத்தில் உறுதியாக இருப்பது நல்ல வேர், கறுத்து நசுங்குவது அழுகிய வேர். அழுகியதை வெட்டிவிட்டு, மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த, நீர் தேங்காத புதுக் கலவையில் நட வேண்டும். அழகுக்காகத் துளையில்லாத பீங்கான் தொட்டிக்குள் வைப்பது இந்த நோயை நாமே அழைத்து வருவதாகும்.

மண்ணின் ஈரம் சரியாக இருந்தும் இலைகள் மங்கி, மெல்லிய நூலாம்படை தெரிந்தால், இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய பேன் வகையான சிவப்புச் சிலந்தியைச் சந்தேகிக்கலாம். ஏ.சி. அறையின் வறண்ட காற்று அதற்கு மிகவும் உகந்தது. கிளைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால், தூசி போல் விழும் புள்ளிகளில் சில நகரத் தொடங்கும். கிளைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஒரு கிளையில் சோதித்த பிறகே வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்க வேண்டும். ஒரு முறையோடு நிறுத்தினால் முட்டைகள் பொரித்து மீண்டும் பெருகும்.

இருண்ட மூலையில் வைத்த மரத்தில் கிளையடுக்குகளுக்கு இடையே இடைவெளி கூடி, அடிக்கிளைகள் ஒவ்வொன்றாகக் காயும். அதைக் கண்டு பதறி, மரத்தை ஒரே நாளில் மொட்டைமாடி வெயிலுக்கு மாற்றுவது அடுத்த தவறு, இலை கருகிவிடும். காலை வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்து, இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

உயரம் மிஞ்சுகிறது என்று நுனியை வெட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அடுக்கு வடிவம் அத்துடன் குலைந்துவிடும். பண்டிகைக்காகப் பூசும் மினுமினுப்புச் சாயமும் இலைக்கு வரும் வெளிச்சத்தை மறைக்கும் என்பதால், சாயம் பூசிய மரத்தை வாங்காதிருப்பதே நல்லது. அடர்த்தியாகத் தெரியும் தொட்டியில் பெரும்பாலும் மூன்று நான்கு கன்றுகள் நெருக்கி நடப்பட்டிருக்கும். அவற்றைப் பிடுங்கிப் பிரித்தால் வேர்கள் அறுபடும். வலுவானதை விட்டுவிட்டு மற்றவற்றை மண்மட்டத்தில் வெட்டிவிடலாம்.