சூடானால் நின்றுபோகும் பழைய பைக்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

காலையில் ஒரே கிக்கில் கிளம்பிய பழைய ஸ்ப்ளெண்டரோ, ஆர்எக்ஸ் 100-ஓ, புல்லட்டோ, எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கால் மணி நேரம் ஊர்ந்ததும் பொசுக்கென்று நின்றுவிடும். எவ்வளவு உதைத்தாலும் அசையாது. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்தால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

அந்த டீதான் முதல் தவறு. வண்டி நின்ற கையோடு பார்த்தால்தான் கோளாறு அகப்படும். ஆறிவிட்டால் தடயமே இருக்காது. மறுநாள் காலையில் ஆறிய வண்டியைக் கொண்டுபோய் விட்டால் மெக்கானிக் என்ன செய்வார்? கார்ப்ரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கை மாற்றிக் கொடுப்பார். வண்டி அவர் கடை வாசலில் நன்றாகவே ஓடும். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எப்படி நின்றது என்பதையும் கவனியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்தது போலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். இழுத்து இழுத்து, விக்கி விக்கி நின்றால் பெட்ரோல் பக்கம். ஓடும்போது ஒன்றும் தெரியாமல், சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஐடிலிங் இறங்கி இறங்கி அணைந்தால், அதுவும் அந்த நேரத்தில் கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்கினால், வால்வைச் சந்தேகப்படலாம்.

நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வரத்து நின்றுபோகிறது. இதற்குக் கொஞ்ச நேரம் பிடிப்பதால் சூட்டுக் கோளாறு போலவே தோன்றும். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்காமல் இருக்க மூடிக்கு அடியில் பாலிதீன் கவர் வைப்பவர்கள் இதைத் தாங்களாகவே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

மூடியில் பிரச்சினை இல்லையென்றால் அடுத்து ஸ்பார்க். கையில் ஒரு உபரி பிளக் இருந்தால் நல்லது. வண்டியில் இருக்கும் பிளக்கைக் கழற்றாமல், வயர் முனையில் இருக்கும் கேப்பை மட்டும் எடுத்து உபரி பிளக்கில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை என்ஜினோடு ஒட்டவைத்து உதையுங்கள். பெட்ரோல் கசிவு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்யவேண்டாம். நீல நிறத்தில் 'டிக்' என்று அடித்தால் சரி. மஞ்சளாக மங்கினால், அல்லது ஒன்றுமே வராவிட்டால், ஹெச்டி காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பிக்கப் காயில் (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைச் சொல்வது), சிடிஐ (ஸ்பார்க்கை இயக்கும் மின்னணுப் பெட்டி) ஆகியவற்றில் ஒன்று சூட்டில் செத்துப்போகிறது. காயிலுக்குள் முடியளவு விரிசல் விட்ட கம்பி சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். சிடிஐக்குப் பதில் பாயின்ட் (கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த பழைய புல்லட்டில், அதோடு இருக்கும் கண்டென்சர் இதே வேலையைச் செய்யும். அதனால் ஆறிய காயிலை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பி மாட்டுவதில் அர்த்தமில்லை. கடல் காற்று அடிக்கும் திருவொற்றியூர், காசிமேடு பக்கத்து வண்டிகளில் காயில் வாங்குவதற்கு முன் கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே வேலை முடிந்துவிடலாம்.

இப்போது டேப்பட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி வைக்கும் இடம். என்னைக் கேட்டால், அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பழைய வண்டியில் 'டிக் டிக்' சத்தம் வந்தால் நமக்குப் பொறுக்காது. "அண்ணே, டேப்பட் சத்தம் வருது, கொஞ்சம் டைட் பண்ணுங்க" என்போம். அவரும் சத்தம் அடங்கும்வரை டைட் செய்து கொடுப்பார். வண்டி அமைதியாக ஓடும். ஆனால் அந்த மெல்லிய இடைவெளி, சூட்டில் உலோகம் விரிவதற்காகவே விட்டு வைத்தது. அது இல்லாமல் போனால், என்ஜின் சூடானதும் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், ஐடிலிங் நிற்காது. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வின் விளிம்பே கருகிவிடும். லேசான டேப்பட் சத்தம் நல்லது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது சும்மா இல்லை. யாரும் கைவைக்காவிட்டாலும், வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்குவதால் இடைவெளி தானாகவும் குறையும்.

இன்னொன்று, இந்த இடைவெளியை ஆறிய என்ஜினில்தான் வைக்கவேண்டும். ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திய உடனே, நாம் பக்கத்தில் அவசரமாக நின்றுகொண்டிருக்க, சூட்டோடு வைக்கும் அளவு சரியாக வராது. முந்தின நாள் இரவே வண்டியை விட்டுவிட்டு, காலையில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து அந்த மாடலுக்குரிய அளவில் வைக்கச் சொல்லுங்கள். திருவொற்றியூர் ஆலையில் தயாரான பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு கேஜ்கூட வேண்டாம்: பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ் ராடு விரலால் தாராளமாகச் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் என்பதால் அதில் டேப்பட்டே கிடையாது. அதில் கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஆயில் சீல் இறுகிப்போய்க் காற்று உறிஞ்சுகிறதா என்று பார்க்கவேண்டும்.

ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ரேஸ் ஏற்றி வைப்பது எல்லோரும் செய்யும் சமாளிப்பு. சிக்னலில் நிற்காமல் ஓடும். நோய் மறைந்துகொள்ளும், என்ஜினும் இன்னும் சூடாகும். அதற்குப் பதிலாக ஒரு சோதனை செய்யலாம். சூடாக நின்ற வண்டி, சோக் போட்டால் மட்டும் கிளம்புகிறதா? அப்படியானால் பெட்ரோல் போதவில்லை: ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு, அல்லது கார்ப்ரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பரில் வெடிப்பு. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து உதைத்தால்தான் கிளம்புகிறதா? அப்போது பெட்ரோல் மிஞ்சிப்போகிறது: சோக் முழுதாகத் திரும்பவில்லை, அல்லது கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் மிதவையின் ஊசி சரியாக அடைக்கவில்லை. பிளக்கும் இதையேதான் சொல்லும். வெளுத்திருந்தால் முதல் வகை, கரி அப்பியிருந்தால் இரண்டாவது.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நின்ற வண்டியில், அதுவும் வியாசர்பாடி சுரங்கப்பாதை போன்ற இடத்தில் மழைத்தண்ணீரில் நீந்தி வந்த வண்டியில், கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் உப்பவைத்து மெதுவாக அரிக்கும்.

சூடாக நின்ற என்ஜின் மேல் வாட்டர் பாட்டிலைக் கவிழ்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். குளிர வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்றால், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியை ஹெச்டி காயில் மேல் மட்டும், கனெக்டரில் படாமல், சில நிமிடம் சுற்றுங்கள். என்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டால் மாற்றவேண்டியது அந்தக் காயில்தான். சென்னையில் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போய்ப் பழசு வாங்குவதானால், உங்கள் வண்டியிலேயே மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிப் பார்த்த பிறகு காசு கொடுக்கச் சம்மதிக்கும் கடையில் வாங்குங்கள்.