ஒரிஜினல் பிரிண்டா, போஸ்டரா? லென்ஸ் வச்சு நீங்களே கண்டுபிடிக்கலாம்

பாட்டி வீட்டு பூஜை ரூம்ல இருந்த ரவி வர்மா லட்சுமி படத்தை வச்சு ஒரு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டேன், அதுல கத்துக்கிட்டது இது.

ஸ்டெப் 1: பிரேமைக் கழட்டுங்க. பேப்பர் கண்ணாடில ஒட்டியிருந்தா மட்டும் இழுக்காதீங்க, கிழிஞ்சா போச்சு.

ஸ்டெப் 2: லென்ஸ். வாட்ச் ரிப்பேர்க்காரங்க கண்ல மாட்டிக்கிற 10 மடங்கு லென்ஸ் போதும். போன் கேமரா வேண்டாம், அது தானா ஷார்ப் பண்ணி புள்ளியவே மாத்திடுது.

ஸ்டெப் 3: நான் வழுக்கி விழுந்த இடம். புள்ளி தெரிஞ்சா ஆஃப்செட் (காலண்டர், போஸ்டர் எல்லாம் அடிக்கிற மெஷின் பிரிண்ட்) தான்னு யாரோ சொன்னதை நம்பி பாத்தா, லட்சுமி கன்னமெல்லாம் ஒரே புள்ளி! போச்சுடா, காலண்டர் படம்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் நிஜமாவே ஒரு காலண்டரைப் பக்கத்துல வச்சு பாத்தப்பதான் புரிஞ்சுது. ஆஃப்செட்ல நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு கலர் புள்ளியும் கோலப்புள்ளி மாதிரி வரிசை தப்பாம நிக்கும், குட்டிப் பூ மாதிரி வட்டம் வட்டமா தெரியும். பாட்டி படத்துல ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, ஒண்ணு கமா மாதிரி வளைஞ்சிருக்கு. கல்லு மேல ஆள் உக்காந்து கையால வச்ச புள்ளி அது. கலருக்கு ஒரு கல்லுன்னு வச்சு பேப்பர்ல அச்சு எடுப்பாங்க, அதான் லித்தோகிராஃப்.

ஆனா கறாரா பேசறவங்க இதையும் ஒரிஜினல் பிரிண்ட்னு ஒத்துக்க மாட்டாங்க. 1894ல பம்பாய்ல ரவி வர்மா பிரஸ் ஆரம்பிச்சப்ப ஜெர்மன்காரங்களைத்தான் வேலைக்கு வச்சாங்க, ஆயில் பெயிண்டிங்கைப் பாத்து கல்லுக்கு மாத்தினது அந்த மாதிரி ஆளுங்கதான். வங்காள ஓவியர் சித்தப்பிரசாத்தோட லினோகட் (லினோலியம் ஷீட்ல செதுக்கி அச்சு எடுக்கறது) அப்படி இல்ல, அவரே செதுக்கினது. ஓவியரே பிளாக்கோ பிளேட்டோ பண்ணாதான் ஒரிஜினல்.

ஸ்டெப் 4: அடியில பென்சில்ல 12/50னு இருந்தா 50 காப்பில இது 12ஆவது. இதை மட்டும் நம்பி காசு குடுத்துடாதீங்க, இப்ப இங்க்ஜெட் காப்பிலயும் இப்படி நம்பர் போட்டு கையெழுத்து போட்டு விக்கறாங்க.

அப்டேட்: படத்தைச் சுத்தி பிளேட் அமுங்கின தடம் இல்லையே, டூப்ளிகேட்டான்னு ரெண்டு பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. அந்தத் தடம் எச்சிங் மாதிரி செம்புத்தகடு வச்சு அழுத்தி எடுக்கறதுலதான் வரும், லித்தோல தேடாதீங்க. உட்கட்னா, அதாவது மரப்பலகைல செதுக்கி அச்சு எடுத்ததுன்னா, பேப்பரைத் திருப்பிப் போட்டு டார்ச்சை பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, பல பிரிண்ட்ல கோடு பின்பக்கம் லேசா புடைச்சிருக்கும்.