உடல் பாதுகாப்புப் பாடம்: தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் செய்யக் கூடாதவை

தவறான தொடுதலிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதே உடல் பாதுகாப்புப் பாடம். பயிற்சி முடித்து, சார்ட்டும் கையுமாக அதை நடத்த வகுப்புக்குள் போகும் புதிய ஆசிரியர்கள் ஒவ்வொரு ஆண்டும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிள்ளைகளைக் கேலி செய்யாதீர்கள், பயமுறுத்தாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளே ஆபத்தானவை.

'தெரியாதவங்ககிட்ட பேசாதே' என்பதோடு நிறுத்துவது

மிட்டாய் கொடுக்கும் முகமூடி மனிதனைச் சார்ட்டில் வரைந்து காட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள்: குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையில் குற்றம் சாட்டப்படுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். ஆகவே ஆளை வைத்துச் சொல்லாமல் செயலை வைத்துச் சொல்லுங்கள். "பக்கத்து வீட்டு அண்ணன் போன்ல கேம் தர்றேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லாதேன்னு சொன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டு, பிள்ளைகளையே பதில் சொல்ல விடுங்கள்.

பிடிச்சிருக்கா, பிடிக்கலையா என்பதை அளவுகோலாக்குவது

தடுப்பூசி வலிக்கும், ஆனால் தவறில்லை. தவறான தொடுதல் சில நேரம் கிச்சுகிச்சு மூட்டுவது போல இருக்கும், குழந்தை சிரித்தும்விடும். பிடிக்காவிட்டால்தான் தப்பு என்று படித்த குழந்தை, தான் சிரித்ததற்காகத் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொள்கிறது. விதியாகச் சொல்லுங்கள்: ஜட்டி மூடும் இடங்களையும் நெஞ்சையும் யாரும் பார்க்கவோ, தொடவோ, போட்டோ எடுக்கவோ கூடாது, தங்களுடையதைக் காட்டவும் கூடாது. சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க டாக்டர் பார்க்கும்போதும் மட்டும் விலக்கு. அதையும் ரகசியமாக வைக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழந்தை சொன்னதும் விசாரணையைத் தொடங்குவது

மற்ற எல்லாத் தவறையும் அடுத்த வகுப்பில் திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்த முடியாது. இத்தனை பயிற்சிகளுக்குப் பிறகும் இது நடப்பதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

பாடம் முடிந்து மணி அடித்த பின், ஒரு பிள்ளை மேசைப் பக்கம் தயங்கி நின்று, தனக்கு நடந்ததைப் பற்றிப் பாதி வாக்கியம் சொல்லும். டீச்சர் பதறிப் போய், "யாரு? எப்போ? எத்தனை தடவை? நிஜமாவா?" என்று அடுக்குவார். பிறகு பக்கத்து வகுப்பு டீச்சர் முன்னால் ஒருமுறை, ஹெச்.எம். அறையில் ஒருமுறை, வரவழைக்கப்பட்ட அம்மாவின் முன்னால் இன்னொரு முறை. மறுபடி மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்றே குழந்தைக்குத் தோன்றும். பதிலை மாற்றும், அல்லது வாயை மூடிக்கொள்ளும். "மாமா இங்க தொட்டாரா?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால் "ஆமா" என்றுவிடும். பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது இந்த முரண்களைத்தான்.

செய்ய வேண்டியது மிகக் குறைவு. மற்றவர்கள் கண்ணில் படும்படி, ஆனால் பேச்சு கேட்காத இடத்தில், குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். "நீ சொன்னது நல்லது. நான் நம்புறேன். உன் மேல தப்பே இல்ல. உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் நான் இதைச் சொல்லணும்." இந்த நான்கு வாக்கியங்கள் போதும். கேள்வி தேவைப்பட்டால் "அப்புறம்?" என்பதற்கு மேல் வேண்டாம். உடலைச் சோதிக்காதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்த வாக்கைச் சட்டம் காப்பாற்ற விடாது.

குழந்தை போனதும் அது சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள். "அங்க கிள்ளினாங்க" என்று சொன்னால் அப்படியே இருக்கட்டும். உங்கள் ஊகத்தைச் சேர்க்க வேண்டாம். தேதி, நேரம், கையெழுத்து வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, தகவலை உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள். ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டதோடு உங்கள் கடமை முடியாது. தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. 'முதலில் கமிட்டி போட்டு உண்மையா என்று பார்ப்போம்' என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. உண்மையைக் கண்டுபிடிப்பது பள்ளியின் வேலையல்ல.

குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். அதனால் யாருக்கு முதலில் போன் செய்வது என்று யோசித்துச் செய்யுங்கள். அவரையே கூப்பிட்டு விளக்கம் கேட்பது குழந்தையை மிரட்ட வழி திறந்துவிடும். அண்மையில் நடந்திருந்தால் குளிப்பாட்டவோ உடையைத் துவைக்கவோ விடாதீர்கள். அவசரச் சிகிச்சைக்குக் காவல்துறைக் கடிதம் கேட்டு மருத்துவர் காக்க வைக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதி.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நடத்துவது

பேச நினைக்கும் பிள்ளைக்கு அடுத்த இரண்டு நாள் ஆள் இருக்காது. திங்களோ செவ்வாயோ, முற்பகலில், பாடத்துக்குப் பின் கால் மணி நேரம் நீங்கள் வகுப்பில் இருக்கும்படி வையுங்கள்.

ஐந்து விரலிலும் ஒரே வீட்டார்

கையை வரைந்து, நம்பும் பெரியவர்கள் ஐந்து பேரை விரலுக்கு ஒருவராக எழுதச் சொல்வது நல்ல பயிற்சி. ஆனால் இரண்டு பேராவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். முதல் விரல் நம்பாவிட்டால் அடுத்த விரலிடம் போகச் சொல்லுங்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டாதீர்கள். விரல்கள் காலியாக இருக்கும் பிள்ளை எல்லோர் முன்னும் கூசி நிற்கும். அந்தப் பிள்ளையிடம்தான் நீங்கள் முதலில் போக வேண்டும்.

ஆண் பிள்ளைகளை வெளியே அனுப்புவது

வேண்டாம். சட்டம் இருவருக்கும் ஒன்றே.

கட்டாய 'சாரி', கட்டாய அணைப்பு

காலையில் 'உன் உடம்பு உன்னுடையது' என்று நடத்திவிட்டு, மதியம் சண்டை போட்ட இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்தால் பாடம் அங்கேயே செத்தது. என்ன நடந்தது என்று இருவரும் தனித்தனியே சொல்லட்டும். அடித்த பிள்ளை எப்படிச் சரி செய்யலாம் என்று கேளுங்கள்.

பிள்ளைகளின் எடையைச் சத்தமாகப் படிப்பது

தனியே அளந்து பதிவேட்டில் எழுதுங்கள்.

சோப்பில்லாத கைகழுவல் பாடம்

20 விநாடி, சோப்போடு, காலை உணவுக்கு முன், குழாயடியில்.

புகார்ப் பெட்டியே போதும் என்றிருப்பது

'மாணவர் மனசு' பெட்டி ஹெச்.எம். அறை வாசலில் இருந்தால், எல்லோரும் பார்க்க எந்தப் பிள்ளையும் அதில் சீட்டுப் போடாது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு எழுதவும் வராது. அவர்களுக்குப் பேரும் முகமும் வரைந்த சீட்டு கொடுங்கள்: சிரிக்கும் முகம், அழும் முகம், 'டீச்சர்கிட்ட பேசணும்' என்பதற்கு ஒரு வாய். வாரம் ஒருமுறை எல்லாப் பிள்ளையும் ஒன்றை வட்டமிட்டுத் தரட்டும். எல்லோரும் தருவதால் யார் கேட்டார்கள் என்று வெளியே தெரியாது. வாயை வட்டமிட்ட பிள்ளையோடு அன்றைக்கே பேசுங்கள்.