இஸ்பேட் ஆசையை அடக்கிய விதம்

மன்னார்குடியில், நடவு முடிந்த இரவுகளில், எங்கள் திண்ணையில் புளியங்கொட்டைகளை வைத்துப் போக்கர் ஆடும்போது, கையில் இரண்டும் எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் விரித்த மூன்றில் இரண்டுமாக நான்கு இஸ்பேட் சேர்ந்துவிட்டால், ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் பெரும்பாலும் வெற்றி என்பதால், ஐந்தாவதற்காக எவ்வளவு கேட்டாலும் கொடுத்து, நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வரவு செலவு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மீதமுள்ள இஸ்பேட் 9. நான் காணாத சீட்டுகள் 47. அடுத்த சீட்டிலேயே அது விழும் வாய்ப்பு ஏறத்தாழ 19 சதவீதம். நடுவில் 40 கொட்டை கிடக்க மச்சான் மேலும் 40 வைத்தால், என்னுடையதையும் சேர்த்து 120ஐ வெல்ல நான் 40 போட வேண்டும். அதற்கு 33 சதவீத வாய்ப்பாவது தேவை. தரையில் இன்னும் ஒவ்வொன்றாக விரிக்க இருக்கும் கடைசி இரண்டு சீட்டுகளையும் சேர்த்தால் 35 வருவது உண்மைதான். ஆனால் அடுத்த சுற்றில் அவர் சும்மா இருப்பாரா?

இப்போது அவர் 40 வைத்தால் சீட்டை மடக்கி விலகிவிடுகிறேன். 10 வைத்தால் தொடர்கிறேன். மச்சான் இதைக் கஞ்சத்தனம் என்கிறார்.