யாழ்ப்பாணம் போகிறீர்களா? சாப்பாட்டையும் காலை நடையையும் பற்றிச் சில வார்த்தைகள்

மூன்று கிழமை ஊரில் நின்றுவிட்டு வந்து தராசில் ஏறியதும் எல்லோரும் கொத்து ரொட்டியைத்தான் திட்டுவார்கள். என் கணக்கில் முதற் குற்றவாளி தேத்தண்ணி. ஒரு நாளில் ஐந்து வீட்டுக்குப் போனால் ஐந்து தேத்தண்ணி. கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று பார்த்தாலும் பத்துத் தேக்கரண்டி, ஏறத்தாழ 40 கிராம் சீனி. கேக்கும் பிஸ்கட்டும் வேறு. கலந்து கொண்டுவந்து நீட்டிய பிறகு வேண்டாம் என்றால் அவர்களுக்கு மனம் நோகும். அதனால் தண்ணீர் அடுப்பில் ஏறுமுன்பே, "மாமி, எனக்குச் சீனி போடாமல் பிளேன் டீ தாங்கோ" என்று சொல்லிவிடுங்கள். பனங்கட்டி கடித்துக் குடிக்க ஆசையென்றால் ஒரு சின்னத் துண்டு போதும். நீரிழிவுக்காரருக்கு அதுவும் இனிப்புத்தான்.

சோடாப் போத்தலில் ஒரு வட்ட நிறக் குறி இருக்கும், கவனியுங்கள். 2016 இல் இலங்கையில் வந்த நடைமுறை அது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் கடையில் அவர்களே பார்த்து எடுப்பார்கள்.

சாப்பாட்டில் நான் எல்லா வீட்டிலும் கேட்பது ஒன்றுதான்: "உங்களுக்கு என்ன சமைக்கிறீங்களோ, அதையே எனக்கும் தாங்கோ." வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளை என்று நமக்காக ரோல்ஸ் வாங்குவார்கள், கோழி பொரிப்பார்கள், புரியாணி எடுப்பிப்பார்கள். அதே வீட்டில் மற்ற நாட்களில் சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், மீன் குழம்பு, சொதி. நமக்கு வேண்டியது அந்தச் சாப்பாடுதான், அங்கே இருக்கும்போது மட்டும் கிடைக்கும் ருசியும் அதில்தான். முதல் முறை இப்படிக் கேட்டபோது மாமி, "இதையோ பிள்ளை உனக்குத் தாறது?" என்று தயங்கினார். நான் வறையை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்ததும், அடுத்த நாள் வேலியில் பொன்னாங்காணி பிடுங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். மறுக்காமல் குறைத்துச் சாப்பிட எனக்குத் தெரிந்த நல்ல வழி, கறியை அதிகமாகக் கேட்பது. சோறு ஒரு அகப்பையோடு நிற்கும், போட்டவருக்கும் சந்தோஷம்.

குரக்கன் பிட்டு நல்லதுதான். ஆனால் நல்லது என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால் குருதியில் சீனி ஏறத்தான் செய்யும்.

நீரிழிவுக்காரருக்கு இன்னொன்று. கனடாவிலும் இங்கிலாந்திலும் இரத்தச் சீனியை 7, 8 என்று பார்த்துப் பழகியவர்கள் இலங்கையில் இரத்தம் சோதித்தால் 126, 144 என்று வரும். அலகு வேறு: நமது எண்ணை 18 ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண். என் அப்பா 142 என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு அரைநாள் பேசாமல் இருந்தார். அது அவருடைய வழக்கமான 7.9 தான். இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோங்கள், விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுவிடலாம்.

உடற்பயிற்சி என்றால் காலைதான். எட்டு மணிக்குப் பிறகு வெயில் நடக்க விடாது, சித்திரை வைகாசியில் ஏழு மணிக்கே வியர்த்துக் கொட்டும். ஐந்தரைக்கு எழும்பி, ஒரு போத்தல் தண்ணீரோடு வெளிக்கிடுங்கள். நகரத்தில் நிற்பவர்களுக்குக் கோட்டையைச் சுற்றியும் பண்ணைப் பாலத்திலும் நடக்கலாம். இரண்டு பக்கமும் கடல், முகத்தில் காற்று, தூரம் தெரியாது. நல்லூர்த் திருவிழாக் காலமென்றால் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், விடியற்காலையில் வெறுங்காலோடு சுற்றி வருவதே நல்ல நடை. நீந்தத் தெரிந்தவர்களுக்குக் கீரிமலைக் கேணி இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக.

ஒழுங்கைகளில் நாய்கள் உண்டு. ஓடாதீர்கள், மெதுவாக நடந்து கடவுங்கள். கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, கீறல்தானே என்று விடாமல் அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம்.

தனியே நடக்க அலுப்பென்றால் வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். என் சித்தப்பாவுக்கு முழங்கால் நோ, "நான் எங்க நடக்கிறது" என்றுதான் தொடங்கினார். முதல் நாள் சந்திவரை வந்தார். நான் திரும்பும் கிழமையில் இருவரும் கடற்கரைவரை போய், இளநீர் குடித்துவிட்டு வந்தோம்.