முதலிலிருந்து வாசிக்காதீர்கள்: இசைக்கருவி கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் ஸ ரி க ம வாசிக்கப் பழகும் யாரையாவது கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். வலது கையின் முதல் மூன்று விரல்கள் ஸ, ரி, க என்று சுலபமாகப் போய்விடும். ம வரும்போது கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து வர வேண்டும். அங்கேதான் தடுக்கும். மணிக்கட்டு வெட்டென்று திரும்பும். ம மட்டும் குத்தியதுபோல் சத்தமாகக் கேட்கும், இல்லையென்றால் கொஞ்சம் தாமதமாக வரும். உடனே கை தானாக ஸ-வுக்குத் திரும்பிவிடும். மறுபடி முதலிலிருந்து.

இசைக்கருவி கற்பவர்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன். ஸ ரி க ஏற்கெனவே வருகிறது. இருபது தடவை முதலிலிருந்து ஆரம்பித்தால், வருகிற மூன்று ஸ்வரங்களுக்கு இருபது தடவை பயிற்சி கிடைக்கிறது. வராத இடத்துக்கோ, தடுக்குவதில் இருபது தடவை பயிற்சி. கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும், சரியா தப்பா என்று பார்க்காது.

அந்த இடத்தை மட்டும் வெளியே எடுங்கள். ரி, க, ம. மூன்றே ஸ்வரம். மிக மெதுவாக வாசித்து, ரி-யை அழுத்தும்போதே கட்டைவிரல் உள்ளே நகரத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு ம-வில் இருக்காது, அதற்கு முன்பு கட்டைவிரல் சும்மா நின்றதில்தான் இருக்கும். கிட்டாரில் ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கூட்டு) இன்னொன்றுக்கு மாறும்போதும் அப்படித்தான். கடைசியாக வந்து சேரும் விரல் எது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு விரலை முதலில் நகர்த்திப் பழகினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. 17 பியானோ மாணவர்களிடம் ஒரு கடினமான சிறு பகுதியைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொல்லி, மறுநாள் வாசிக்க வைத்தார்கள். எவ்வளவு நேரம் பயிற்சி செய்தார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. எத்தனை தடவை தவறாக வாசித்தார்கள் என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. நன்றாக வாசித்தவர்களும் ஆரம்பத்தில் தவறினார்கள். ஆனால் தவறு எங்கே, எதனால் என்று உடனே பிடித்து, வேகத்தைக் குறைத்து, அந்த இடம் நிலைக்கும்வரை அங்கேயே நின்றார்கள்.

அப்படி நிற்பது சொல்வதுபோல் சுலபமில்லை, அதுவும் வளர்ந்தவர்களுக்கு. வேலையில், வீட்டில், எல்லாம் தெரிந்தவராக நடமாடி முடித்து வந்து உட்காருகிறோம். கருவி நம்மை ஆறு வயதுப் பிள்ளையின் இடத்தில் உட்கார வைக்கிறது. வராத இடத்திலேயே நின்றால் காதுக்கும் இதமில்லை, மனதுக்கும் இதமில்லை. வருகிற இடத்துக்கு ஓடிப்போனால் ஆறுதலாக இருக்கிறது. கருவி கற்றால் பொறுமை வரும், தன்னம்பிக்கை வரும் என்று பலரும் சொல்கிறார்கள். அது தானாக வந்துவிடாது. தன்னையே திட்டிக்கொள்ளாமல், ‘இந்த விரல் தாமதமாகிறது’ என்று மட்டும் பார்க்கப் பழகும் அந்தச் சில நிமிடங்களில்தான் வருகிறது. பயிற்சியை அவசரமாக ஓட்டிவிட்டால், அந்த நிமிடங்களைத்தான் முதலில் இழக்கிறோம்.

அடுத்தது வேகம். பாட்டு எந்த வேகத்தில் நம் காதில் ஓடுகிறதோ அதே வேகத்தில் வாசிக்கப் பார்ப்பது. சீராகத் தட்டுப் போட்டுக்காட்டும் மெட்ரோனோமை எடுத்து, ஒரு தடுக்கல்கூட இல்லாமல் வாசிக்க முடிகிற வேகத்துக்கு இறங்குங்கள். நிமிடத்துக்கு 50 தட்டு என்றாலும் பரவாயில்லை, அதுதான் இன்றைய உங்கள் வேகம். அடுத்தடுத்து மூன்று தடவை சுத்தமாக வந்த பிறகு நான்கு தட்டு ஏற்றினால் போதும்.

அப்புறம் இந்த மணிக்கணக்கு. பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் மேதையாகலாம் என்ற பேச்சு பரவிக் கிடக்கிறது. இதன் வேர் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவரது சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் நடத்தி 1993-ல் வெளியிட்ட ஆய்வு. அங்கே பத்தாயிரம் என்பது மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் சேர்த்திருந்த நேரத்தின் சராசரி மட்டுமே. அது யாரும் தாண்ட வேண்டிய கோடு இல்லை என்று எரிக்சனே பின்னாளில் மறுத்திருக்கிறார். வேலைக்குப் போகிறவர் இந்தக் கணக்கைப் போட்டால் ஆரம்பிக்கும் முன்பே மனம் விட்டுப்போகும்.

வாரம் முழுக்கத் தொடாமல், விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் உட்காருவதும் இதே கணக்கின் விளைவுதான். தினம் இருபது நிமிடம் அதைவிட நல்லது. காரணம் தூக்கம். தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரும் குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், விரல்களை ஒரு வரிசையில் தட்டப் பழகியவர்கள், இடையில் பயிற்சியே இல்லாமல், ஓர் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருந்தார்கள். நேற்று வராதது இன்று வருகிறதே என்ற ஆச்சரியம், கருவி தொட்ட எல்லோருக்கும் தெரியும். வாரத்தில் ஒரே நாள் வாசித்தால் அப்படி ஓர் இரவுதான் கிடைக்கும். தினமும் வாசித்தால் ஏழு.

வலியைப் பொறுத்துக்கொள்வது இன்னொரு தவறு. கம்பி வாத்தியம் புதிதாகப் பழகும்போது விரல்நுனி எரியும், அது இயல்பு, தோல் தடித்ததும் போய்விடும். மணிக்கட்டில், முன்கையில், தோளில் வலியோ, விரல்களில் மரத்துப்போன உணர்வோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் இளம் வயதில், விரலைப் பலப்படுத்த ஒரு பொறியைப் பயன்படுத்தினார். வலது கை விரல் பழுதாகி, மேடைப் பியானோ கலைஞராகும் அவரது ஆசை 1830-களின் தொடக்கத்திலேயே முடிந்துபோனது. காரணம் அந்தப் பொறிதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வலுக்கட்டாயமாக விரலை வளைக்க வேண்டாம் என்பதில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. கடினமான இடம் வரும்போது மூச்சைப் பிடிக்கிறோமா, தோள் மேலே ஏறுகிறதா, பல்லைக் கடிக்கிறோமா என்று மட்டும் பாருங்கள். இறுக்கம் அங்கேதான் தொடங்கும்.

சுருதி சேர்க்காமல் வாசிக்காதீர்கள், காது கெட்டுப்போகும். முன்னேற்றம் நின்றதுபோல் தோன்றும்போது புதுக் கருவி வாங்கக் கிளம்பாதீர்கள். வாரம் ஒருமுறையாவது போனில் பதிவு செய்து கேளுங்கள், ஆனால் மறுநாள் கேளுங்கள். வாசித்த சூட்டோடு கேட்டால் குறை மட்டும்தான் கேட்கும்.

கடைசியாக ஒன்று. தவறு வந்தால் நின்று சரிசெய்யப் பழகியவர், யாராவது கேட்க உட்கார்ந்திருக்கும்போதும் அப்படியே நின்றுவிடுவார். பயிற்சி வேறு, வாசிப்பு வேறு. பிறருக்கு வாசிக்கும்போது ஒரு ஸ்வரம் தவறினால் தவறட்டும், தாளம் நிற்கக் கூடாது. இதற்கும் தனியாகப் பழக வேண்டும். தினமும் பயிற்சி முடிந்ததும், தெரிந்த ஒரு சிறு பாட்டை என்ன ஆனாலும் நிறுத்தாமல் கடைசிவரை வாசியுங்கள். வாய்ப்பிருந்தால் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசியுங்கள். நன்றாக வந்த பிறகு வாசித்துக் காட்டலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.